லைன் என்று ஒரு வார்த்தை

எம்.ரெட்டியபட்டி பக்கம் ஒரு டீக்கடையில் காலை எட்டு மணிக்குப் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் 'லைன்' என்கிற வார்த்தை ஆறு தடவையாவது காதில் விழும்.

'லைன்ல மரம் விழுந்துருச்சாம்ணே, சாயங்காலந்தான் கரண்ட்டு.'

'அண்ணாச்சி லைனுக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கிழமை வந்து பாருங்க.'

'நான் அப்பவே கூப்பிட்டேன் மாமா, லைன் கெடைக்கல.'

'மானாமதுரை லைன்ல வண்டி லேட்டாம்ல.'

'ரேஷன் கடைல லைன் நிக்கிது. அம்மாவ சீக்கிரம் போகச் சொல்லு.'

கடைசியாக, காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் இளசுகள்: 'டேய், இவன் லைன் விடுறான்டா.'

ஆறும் ஆறு அர்த்தம். மின்கம்பி, வியாபாரச் சுற்று, டெலிபோன் இணைப்பு, ரயில் பாதை, வரிசை, காதல் முயற்சி. யாருக்கும் குழப்பமில்லை. கம்பியில் மரம் விழுந்ததைக் கேட்டு யாரும் ரயிலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அகராதியில் ஒரு முழுப் பக்கம் தேவைப்படும் விஷயத்தை, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் ஒரு கிராமம் பிசிறில்லாமல் பிரித்துக் கொள்கிறது.

எந்த ஆங்கில வார்த்தைக்கு அதிக அர்த்தம் என்று ஒரு போட்டி உண்டு. 1989ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்தான் சாம்பியன். 430க்கு மேற்பட்ட அர்த்தங்கள், விளக்கி முடிக்க சுமார் 60,000 வார்த்தைகள். ஒரு நடுத்தர நாவல் அளவு. பிறகு திருத்திய பதிப்புக்கான வேலை நடந்தபோது 'ரன்' முந்திக் கொண்டது. 645 அர்த்தம் என்று 2011ல் செய்தி வந்தது. இதைச் சொல்லும்போது நம் ஆட்கள் சிலருக்கு ஒரு சின்னத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும். 'பாருங்க சார், இங்கிலீஷோட அகலம்!'

அகலம் நம்மிடமும் உண்டு. 'பல பொருள் ஒரு சொல்' என்பதை இலக்கணக்காரர்கள் எப்போதோ தனி வகையாக்கி விட்டார்கள். திவாகரம் முதலான நிகண்டுகளில் இதற்கென்றே ஒரு தொகுதி உண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதியைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அர்த்தம் புரிகிறதோ இல்லையோ தலைகீழாக ஒப்பித்தார்கள். ஆகவே போட்டி வேண்டாம். என் கேள்வி வேறு. ஒரு சொல் ஊர் விட்டு ஊர் வந்து, அங்குள்ள ஜனங்களோடு என்ன வேலை செய்கிறது? அந்த வேலையை நம் அகராதிக்காரர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பத்திரிகைக்காரர்களும் சரியாகக் கவனிக்கிறோமா?

'லைன்' பிறந்தது நூலில். லத்தீனில் 'லினும்' என்றால் ஆளி, அந்தச் செடியின் நார். அதிலிருந்து 'லினியா', ஆளி நூல். லினன் துணியும் லைனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. அதிலிருந்து மற்றதெல்லாம். அருப்புக்கோட்டை மாதிரி நெசவு ஊருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால் தமிழும் இதே வழியாக நடந்திருக்கிறது. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். நம் ஆசாரியும் கொத்தனாரும் 'ரெண்டு நூல் தள்ளி அடி' என்பார்களே, அந்த நூல் ஓர் அளவு. எட்டு நூல் ஓர் இஞ்ச். ஆங்கிலேயர்களிடமும் 'லைன்' என்று ஓர் அளவு இருந்தது. இஞ்சில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பட்டன் வியாபாரத்தில் இன்னும் அது உயிரோடு இருக்கிறது. அங்கே 40 லைன் ஓர் இஞ்ச். திருப்பூரில் 18 லைன் பட்டன் கேட்டால் பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சட்டை பட்டன் கொடுப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு தச்சர்கள், நூலைப் பிடித்து அளந்து, அந்த நூலின் பெயரையே அளவுக்கும் வைத்திருக்கிறார்கள்.

'வரி' மட்டும் சாதாரணமா? எழுத்தில் வரி, புலி மேல் வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரி, சிலப்பதிகாரத்தில் கானல் வரி என்றால் பாட்டு. 'வரிசை' என்றால் க்யூ, மரியாதை, கல்யாணத்துக்கு மாமன் கொண்டு வரும் சீர்.

இவ்வளவு வளம் இருக்கும்போது எங்கே சறுக்குகிறோம்? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் என்று ஜோடி சேர்க்கும்போது. சமீபத்தில் ஒரு கம்பெனிக்கு போன் செய்தேன். பெயர் வேண்டாம். பதிவு செய்த பெண் குரல் இனிமையாக, 'தயவுசெய்து வரியில் காத்திருக்கவும்' என்றது. எனக்கு வருமான வரி ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. 'சற்றுப் பொறுங்கள்' என்றால் போதும். ஆங்கிலத்தில் லைன் இருந்ததே என்று தமிழிலும் ஒரு லைனைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மெஷின் செய்ததோ மனிதர் செய்ததோ தெரியாது. இப்போதெல்லாம் இரண்டும் ஒரே தப்பைச் செய்கின்றன.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டருக்கு 'மின்பாதை ஆய்வாளர்' என்று பெயர். கோடு, வரி, நூல் எதையும் தொடாமல், கரண்ட் போகிற பாதை என்று வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார் யாரோ ஒரு புத்திசாலி. 'டெட்லைன்' என்பதற்குக் 'கெடு' என்கிறோமே, அதற்கு இணையே கிடையாது. டெட்லைன் பிறந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கைதி முகாமில். 1864ல் ஆண்டர்சன்வில் முகாமில் வேலிக்கு உள்ளே ஒரு கோடு வைத்திருந்தார்கள். தாண்டுகிற கைதியைக் காவலாளி சுடலாம். அதை 'மரணக் கோடு' என்று தமிழாக்கி, 'கட்டுரைக்கு மரணக் கோடு திங்கட்கிழமை' என்று எனக்கு எடிட்டர் எழுதினால் நான் எழுத்தையே விட்டுவிடுவேன்.

இன்னொரு பக்கம், ஜனங்கள் தாங்களாகவே செய்கிற மாற்றங்கள். விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போகிற ரயில் பாதைக்கு 'கார்டு லைன்' என்று பெயர். வட்டத்தின் குறுக்கே போடும் நாண், அதுதான் இங்கிலீஷில் கார்டு. நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், போஸ்ட் கார்டைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு ரயிலும் நிற்கவில்லை. விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கடைகளில் சரக்கு ஆர்டர் எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் ஊர் ஊராகப் போவதுதான் 'லைனுக்குப் போறது'. திங்கள் ஒரு லைன், செவ்வாய் ஒரு லைன். இதற்குள் பஸ் ரூட்டும் இருக்கிறது, கடன் உறவும் இருக்கிறது, சொன்ன தேதியில் வருவார் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 'விற்பனைச் சுற்றுப்பயணம்' என்று மொழிபெயர்த்தால் அண்ணாச்சி அம்பாசடர் கார் வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போன மாதிரி ஆகிவிடும்.

கரிசல் காட்டுப் பேச்சை அகராதியாக்க முடியும் என்று 1982லேயே கி.ராஜநாராயணன் செய்து காட்டினார். பல்கலைக்கழகம் இல்லாமல், இடைசெவல் விவசாயி ஒருவர் நண்பர்களின் துணையோடு செய்த வேலை. அந்த வகை அகராதிகளில் ஊர்ச் சொல்லைச் சேர்க்க நாம் பழகி விட்டோம். ஆனால் ஊர்க்காரர்கள் கையில் புது அர்த்தம் பெற்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்க்கத் தயங்குகிறோம். அது நம் வீட்டுப் பிள்ளை இல்லையாம். வளர்த்தது யார்?

இதெல்லாம் சுவாரசியமான விஷயம், சரி. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, வறுமைக் கோடு. நல்ல மொழிபெயர்ப்புதான். 2011ல் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று சொன்னது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். அதற்கு மேல் செலவழிப்பவர் ஏழை இல்லை. நாடே கொதித்தது. ரேஷன் விஷயத்தில் மட்டும் தமிழ்நாட்டில் அந்தக் கொதிப்பு வேறு மாதிரி இருந்தது, காரணம் உண்டு. 1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவான ரேஷனை விடாமல் வைத்துக்கொண்டது. 2016ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும் அதை விடவில்லை. இங்கே ரேஷன் கடையில் லைன் என்றால் பையோடு நிற்கிற வரிசை. பல மாநிலங்களில் அந்த வரிசையில் நிற்பதற்கு முன்னால் இன்னொரு லைனுக்குக் கீழே உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஒரே சொல்லின் இரண்டு அர்த்தத்துக்கு நடுவில் ஒரு குடும்பத்தின் அரிசி மாட்டிக் கொள்கிறது. அர்த்தம் என்பது இங்கே இலக்கண விஷயமில்லை.

இரண்டாவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஆங்கிலத்தில் 'லைன்ஸ்' என்று பன்மையில் சொன்னால் ராணுவ முகாமில் வரிசையாகப் போட்ட கூடாரங்கள் அல்லது குடிசைகள் என்று ஓர் அர்த்தம். அதிலிருந்துதான் நம் ஊர் போலீஸ் லைன். டெல்லியிலும் அலகாபாத்திலும் சிவில் லைன்ஸ் என்றால் வெள்ளைக்கார அதிகாரிகள் மாமரத் தோப்பும் பங்களாவுமாக வாழ்ந்த பகுதி. இன்றும் அங்கே வீடு என்றால் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வார்கள். கோவை, திருப்பூர் பக்கம் லைன் வீடு என்றால் சிக்கனமான வரிசை வீடுகள். சென்னையில் ஸ்டோர், மதுரையில் காம்பவுண்டு, நெல்லையில் வளவு.

அதே 'லைன்' கடல் தாண்டி இலங்கை மலைக்குப் போனபோது என்ன ஆயிற்று? 1820களில் காபித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், தஞ்சை, ராமநாதபுரம். இந்தத் திருச்சுழி, அருப்புக்கோட்டை வானம் பார்த்த பூமியும் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாதான். மழை பொய்த்தால் 'கண்டிச் சீமை'. கங்காணி முன்பணம் கொடுப்பார். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடை. போய்ச் சேர்ந்த இடத்தில் கொடுத்த வீடு, லைன். நீளமாக ஒரு கொட்டகை, நடுநடுவே சுவர், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதில் ஒரு குடும்பம். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசை. போர்த்துகீசிய 'காமரா'விலிருந்து வந்த 'காம்பரா'வைச் சேர்த்து 'லயத்துக் காம்பரா' என்றார்கள்.

கவனியுங்கள், லைன் இங்கே 'லயன்' ஆகி, 'லயம்' ஆகிவிட்டது. தமிழில் ஏற்கெனவே ஒரு லயம் இருக்கிறது, தாளத்தோடு ஒன்றுவது. 'லாயம்' என்று இன்னொன்றும் இருக்கிறது, குதிரை கட்டும் இடம். அந்த ஜனங்களின் வாயில் இந்த ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. யாரும் திட்டமிட்டு வைத்த பெயரில்லை. ஆனால் குதிரை லாயத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

லயத்துக்கு மேல் நடந்தவை சரித்திரத்தில் இருக்கின்றன. 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிப் பாதி. இதில் லயத்தில் இருந்த ஒருவரையும் கேட்டதாகத் தெரியவில்லை. 2023ல் அவர்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். தனி வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன, இந்தியா கட்டிக் கொடுப்பதும் அதில் உண்டு. ஆனாலும் இன்றைக்கும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான். சொந்தமாக நிலம் இல்லை. பல இடங்களில் வீட்டுக்கு நம்பரோ முகவரியோ இல்லாமல் கடிதம் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிப் போகிறது.

இலங்கை வரை போக வேண்டாம். மூணாறிலும் அது லயம்தான். 2020 ஆகஸ்ட் 6ந்தேதி ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமலே போனவர்களையும் சேர்த்து 70 பேர். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். அதே கரிசல். நம் செய்திகள் பலவற்றில் 'தொழிலாளர் குடியிருப்பு' என்று போட்டிருந்தார்கள். படிக்கிறவர் மனதில் என்ன வரும்? குவார்ட்டர்ஸ், மாடி, வாசலில் செம்பருத்தி. 'லயம்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், ஒரே சரிவில் எப்படி இத்தனை பேர் போனார்கள் என்பது புரிந்திருக்கும். இந்த இடத்தில் தமிழ்ப்படுத்தியது உண்மையைக் கொஞ்சம் மறைத்துவிட்டது. செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். நல்ல தமிழாக இருக்கட்டும் என்று.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மதிக்கிறேன். லயம் என்பது அவமானத்தின் பெயர், அதை ஏன் அகராதியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்கலாம். 'கூலி' என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் வசவாகத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வீடு அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றினால் லாபம் தோட்ட முதலாளிக்குத்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 'குடியிருப்பு' என்று போர்டு மாட்டினால் ஓர் அடி கூட அகலமாகாது. முதலில் வீடு மாறட்டும், பெயர் பின்னாலேயே மாறிக்கொள்ளும்.

ஆகவே அகராதி போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'லைன்' என்பதற்கு நேரே கோடு, வரி, வரிசை என்று மூன்று சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போகாதீர்கள். அண்ணாச்சியின் லைன், மின்பாதை, ரேஷன் லைன், லைன் வீடு எல்லாவற்றையும் எந்த ஊரில், யார் வாயில் என்ற குறிப்போடு சேருங்கள். காலேஜ் பையன்கள் விடுகிற லைனையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு வாழ்வாதாரம். லயத்துக்கு மட்டும் அர்த்தத்தோடு அளவையும் எழுதுங்கள்: பத்தடி, பன்னிரண்டடி, ஒரு குடும்பம்.

தற்கால அகராதிகளில் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'அருகிவரும் வழக்கு' என்று குறிப்பிடுவார்கள். மொழிக்காரர்களுக்குப் பொதுவாக அதைப் பார்த்தால் வருத்தம் வரும். லயத்துக்கு நேரே அதைப் போடுகிற பதிப்பு வந்தால் எனக்கு முதல் பிரதி வேண்டும்.